ஆலை மூடியபின்னும் ஓடும் கார்

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைப் படைத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பெற்று வருகின்றது. நீராவி எந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாட் நினைவிற்கு வருகின்றார். மோட்டார் கார் என்றதும் கார்ல் பென்சும் ஹென்றி ஃபோர்டும் நினைவிற்கு வருகின்றனர். படைத்தவர் கைவிட்ட பின்னரும் ஓர் இயந்திரத்தை அழியவிடாமல் காத்த சாதாரண மக்களுக்கு அவ்வரலாற்றில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. எம்.ஜி.பி. எனும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கதையோ அவர்களை விலக்கிவிட்டு எழுத முடியாத கதையாகும். 1962-இல் வெளிவந்த அக்கார் 1980-இல் நிறுத்தப்பட்டது. அதனைச் செய்த ஆலையும் அவ்வாண்டே மூடப்பட்டது. ஆயினும் அக்கார் இன்றும் சாலைகளில் ஓடுகின்றது. அதனை ஓடவைத்தவர்களுள் பெரும்பாலோர் தொழில்முறை இயந்திரப் பணியாளர் அல்லர். தம் வீட்டுக் கொட்டகையில், ஓய்வு நேரத்தில், கற்றுக்கொண்டே பணிசெய்த பொதுமக்கள் அவர்கள்.

இரண்டு எழுத்துகளின் பிறப்பு

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் சைக்கிள் பழுதுபார்த்தும் விற்றும் தொழில் தொடங்கிய வில்லியம் மோரிஸ், பின்னாளில் அந்நாட்டின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளர்களுள் ஒருவரானார். நஃபீல்டு பிரபு எனப் பெயர்பெற்றவரும் அவரே. அவருடைய விற்பனை, பழுதுபார்ப்பு நிலையத்தின் பெயர் மோரிஸ் கராஜஸ் என்பது. 1921-இல் அங்கு விற்பனை மேலாளராகச் சேர்ந்த செசில் கிம்பர், மறு ஆண்டே பொது மேலாளரானார். அவர் மோரிஸ் கார்களின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் தாழ்வான, அழகிய உடலை அமைத்து விற்கத் தொடங்கினார். மோரிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. என்னும் அடையாளமாயின.

கிம்பரின் உண்மையான சாதனை வேகம் அன்று, விலையே ஆகும். அக்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது செல்வர்களின் உடைமையாக இருந்தது. 1928-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட், மோரிஸ் மைனர் என்னும் சிறு காரின் உறுப்புகளைக் கொண்டு செய்யப்பட்டமையால் 175 பவுன் விலைக்குக் கிடைத்தது. நடுத்தர ஊதியம் பெறும் இளைஞனும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் என்னும் நிலை அப்போது உருவாயிற்று. 1929-இல் தொழிற்சாலை ஆபிங்டன் என்னும் சிற்றூருக்கு மாறியது. தோல் பதனிடும் ஆலை ஒன்றின் பகுதியே அதற்கு இருப்பிடமாயிற்று. 1930-இல் எம்.ஜி. கார் உரிமையாளர்கள் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். அக்கழகத்தை அமைப்பதில் முன்னின்ற இளைஞர்களுள் ஒருவரான ஜான் தோர்ன்லி, பின்னர் எம்.ஜி. நிறுவனத்தில் பணியேற்று, 1952 முதல் 1969 வரை ஆபிங்டன் ஆலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். காரை விரும்பியவரே காரைச் செய்பவருமானார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே இருந்த இந்நெருக்கம் பின்னாளில் பெரும்பயன் தந்தது.

கிம்பரின் இறுதிக்காலம் துயரமானது. 1935-இல் எம்.ஜி. நிறுவனம் மோரிஸ் மோட்டார்ஸின் ஆளுகைக்குள் சென்றது. 1941-இல் கிம்பர் பதவியிழந்தார். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நேர்ந்த இரயில் விபத்தில் உயிரிழந்தார். அவ்வாண்டே அவர் வளர்த்த மரபில் எம்.ஜி. டி.சி. என்னும் கார் வெளிவந்தது. போரினால் நலிந்த பிரிட்டனுக்கு அயல்நாட்டுச் செலாவணி தேவைப்பட்ட காலம் அது. 1949 வரை ஏறத்தாழ 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன, அவற்றில் பெரும்பகுதி ஏற்றுமதியாயிற்று. அடுத்து வந்த டி.டி. காரின் எண்ணிக்கை 30,000-ஐ நெருங்கியது. அதனை மிகுதியாக வாங்கியது அமெரிக்கா. 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்தைக் கடந்தது.

அடிச்சட்டம் இல்லாத கூடு

எம்.ஜி.ஏ. வரையிலான கார்களுக்கு உறுதியான எஃகு அடிச்சட்டம் உண்டு. உடல் அதன்மேல் திருகாணிகளால் பூட்டப்படும். உடல் துருப்பிடித்தாலும் அதனைக் கழற்றி எடுத்துச் செப்பனிட்டு மீண்டும் பூட்டலாம். கட்டிலின் சட்டம் உறுதியாக இருப்பின், மேற்பலகையை மாற்றுவது கடினமன்று.

1962-இல் வந்த எம்.ஜி.பி. இம்முறையைக் கைவிட்டது. சிட் எனவர் தலைமைப் பொறியாளராகவும், டான் ஹேட்டர் உடலமைப்பை வரைந்தவராகவும் இருந்து உருவாக்கிய அக்காரில் தனி அடிச்சட்டம் இல்லை. அழுத்து இயந்திரத்தில் வார்த்தெடுத்தாற்போல் வளைக்கப்பட்ட மெல்லிய எஃகுத் தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, முழு உடலும் ஒரே கூடாக அமைந்தது. நண்டின் ஓடே நண்டினைத் தாங்குவதுபோல, உடலே அனைத்துப் பாரத்தையும் தாங்கியது. இதனால் எம்.ஜி.ஏ.வைவிட நீளம் குறைந்தும் உள்ளிடம் மிகுந்தும் கார் அமைந்தது. 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினும், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் அதற்கு அமைந்தன. 1965-இல் கூரையுள்ள ஜி.டி. வகையும் வந்தது. இரு வகையும் சேர்ந்து 5 லட்சத்திற்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன.

புதுமையான அமைப்பே அதன் நலிவிற்கும் வழிவகுத்தது. திறந்த காருக்குக் கூரையின் வலுக் கிடையாது. எனவே முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைத்து வளையாமல் நிறுத்தும் பொறுப்பு, கதவுகளின் கீழே இருபுறமும் நீளும் பெட்டி போன்ற பகுதியின்மேல் விழுந்தது. ஆங்கிலேயர் அதனை 'சில்' என்பர். வாசற்படி என்பதே அச்சொல்லின் பொருள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டிற்கும் நடுவே நிற்கும் தகடு என மூன்று அடுக்குகளாக அமைந்து, அடியில் மற்றொரு பகுதியோடு இணைந்திருக்கும் இவ்வாசற்படியே எம்.ஜி.பி.யின் முதுகெலும்பு எனின் மிகையாகாது.

வாசற்படியில் புகுந்த துரு

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீரோடு கலந்து சக்கரங்களால் வீசப்பட்டு, தகடுகளின் இடுக்குகளில் சேறாகப் படியும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாமல் பெட்டியின் உட்புறத்திலிருந்து துரு வளரும். வெளித்தகட்டில் சிறு கொப்புளம் தோன்றும்போது, உள்தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும்.

1960-இல் பிரிட்டனில் எம்.ஓ.டி. தேர்வு என்னும் ஆண்டுச் சோதனை அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் பத்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கே விதிக்கப்பட்ட அத்தேர்வு, 1967 முதல் மூன்று ஆண்டு கடந்த வண்டிகளுக்கும் உரியதாயிற்று. பாரம் தாங்கும் பகுதி துருவால் நலிந்த கார் சாலைக்குத் தகுதியற்றதெனத் தள்ளப்பட்டது. எஞ்சின் நன்றாக ஓடும் நிலையிலேயே பல எம்.ஜி.பி. கார்கள் இவ்வாறு பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. பழுதுபார்க்க ஆகும் கூலி, காரின் விலையை விஞ்சி நின்றதே காரணம். சிலர் துருவின்மேல் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டி, பசை நிரப்பி, வண்ணம் பூசி மறைத்தனர். தேர்வில் தேறுவதற்கு மட்டும் உதவிய இம்மறைப்பு, உள்ளிருந்த நோயை வளர்த்ததேயன்றித் தீர்க்கவில்லை.

ஆலைக் கதவு மூடிய நாள்

1952-இல் ஆஸ்டின் நிறுவனத்தோடும், 1968-இல் இன்னும் பெரிய பிரிட்டிஷ் லேலண்டு குழுமத்தோடும் எம்.ஜி. இணைக்கப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப 1974-இன் பிற்பகுதியில் பளபளக்கும் குரோமியத் தடுப்புகள் நீக்கப்பட்டு, கனத்த கறுப்புத் தடுப்புகள் பொருத்தப்பட்டன. காரின் உயரமும் கூட்டப்பட்டது. அதனால் பழைய அழகும், வளைவில் திரும்பும் திறனும் குறைந்தன. புதிய வடிவமைப்பிற்கு முதலீடு கிடைக்கவில்லை. 1979 செப்டம்பர் 10-ஆம் நாள் ஆபிங்டன் ஆலை மூடப்படும் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. அவ்வூரின் ஆலை ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடி முடித்த வேளை அது. உரிமையாளர்கள் ஊர்வலம் சென்றும் முறையிட்டும் பயனில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளிவந்தது; ஆலைக் கதவு மூடிற்று.

ஆபிங்டனில் தானாக நகரும் உற்பத்தி வரிசை கிடையாது. ஒருவர் தம் பணி முடிந்ததும் காரை அடுத்தவரிடம் கையால் தள்ளிவிடுவார். தந்தையும் மகனும் ஒரே ஆலையில் பணியாற்றியதும் உண்டு. எந்தத் திருகாணியை எவ்வளவு முறுக்கவேண்டும், கதவு ஒட்டாவிடில் எங்கே தட்டவேண்டும் என்னும் அறிவெல்லாம் அவர்களின் கைகளிலேயே இருந்தது. ஆலை மூடியதும் அக்கைகள் சிதறின. கார் நின்றுபோனதைவிடக் காரைப் பற்றிய அறிவு நின்றுபோவதே பேரிழப்பாகும். அவ்விழப்பு முழுமை பெறாமல் தடுத்தவை இரண்டு: ஒன்று நூல், மற்றொன்று வீட்டுக் கொட்டகை.

ஏட்டில் ஏறிய கைத்தொழில்

ஜான் ஹெய்ன்ஸ் என்பவர் பள்ளி மாணவராக இருந்தபோதே பழைய ஆஸ்டின் செவன் காரிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தாமே அமைத்து, அம்முறையை விளக்கிச் சிறு நூல் வெளியிட்டவர். பின்னர் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஏடன் நகரில் பணியாற்றினார். 1965-இல் அங்கு உடன் பணிபுரிந்த ஒருவரின் பழுதுற்ற ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரைச் செப்பனிட உதவினார். அக்காரும் ஆபிங்டன் ஆலையில் செய்யப்பட்டதேயாகும். நிறுவனம் வெளியிட்டிருந்த கையேட்டை அப்போது பார்த்த ஹெய்ன்ஸ், அது பயிற்சி பெற்ற பணியாளருக்கே பொருந்தும்; பொது உரிமையாளருக்குப் புரியாது என உணர்ந்தார். எனவே எஞ்சினைக் கழற்றி மீண்டும் பூட்டும் பணியைப் படிப்படியாகப் புகைப்படம் எடுத்து, எளிய விளக்கத்துடன் நூலாக்கினார். 1966-இல் வெளிவந்த அந்நூலின் 3,000 படிகள் மூன்று மாதத்திற்குள் விற்றுத் தீர்ந்தன. பின்னர் எம்.ஜி.பி. உட்படப் பல கார்களுக்கும் இத்தகைய கையேடுகள் வந்தன.

ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய உண்மை ஒன்று இதில் உண்டு. அறிந்தவருக்காக எழுதுவது ஒன்று. அறியாதவருக்காக எழுதுவது வேறு. முன்னதில் தெரிந்தவை என விடப்படும் படிகளே பின்னதில் உயிர்நாடி. ஹெய்ன்ஸ் தாமே கழற்றிப் பூட்டிப் பார்த்து எழுதியமையால், கற்பவன் எங்கே தடுமாறுவான் என்பதை அறிந்து எழுதினார். 1973-இல் எம்.ஜி. உரிமையாளர்களுக்கு மற்றொரு பெருங்கழகமும் தோன்றியது. ஆலை மூடிய 1980-ஆம் ஆண்டிலேயே, பழைய கார்களை வீட்டில் செப்பனிடுவோருக்காக 'பிராக்டிகல் கிளாசிக்ஸ்' என்னும் இதழ் இங்கிலாந்தில் தொடங்கியது. ஆலையில் கைமாறிய அறிவு இப்போது ஏடுகளின் வழியே கைமாறியது.

கொட்டகைப் பள்ளி

வீட்டில் எம்.ஜி.பி.யைப் புதுப்பிப்பவர் முதலில் எடுக்கவேண்டிய கருவி ஸ்பேனர் அன்று, எழுதுகோலே. கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் தனிப் பையிலிட்டுப் பெயரெழுதி, இருந்த இடத்தைப் படமெடுத்து வைக்கவேண்டும். ஒரு நாளில் கழற்றியதைப் பூட்ட ஓராண்டு ஆகலாம். அதற்குள் நினைவு மங்கிவிடும். அடுத்து நோயறிதல். வண்ணத்தின்மேல் காந்தத்தை நகர்த்திச் செல்லும்போது அது ஒட்டாத இடம், எஃகு அழிந்து பசை நிரப்பப்பட்ட இடமாகும். கூரிய கருவியால் அடிப்புறத்தைத் தட்டினால் உறுதியான எஃகு ஒலிக்கும்; துருப்பிடித்தது உதிரும்.

வாசற்படியை மாற்றுவதே பெருஞ்சோதனை. முதுகெலும்பை அறுத்தால் உடல் தளர்வது போல, அப்பகுதியை வெட்டியதும் கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத்தகட்டைப் பற்றவைத்துவிட்டால், அக்கோணல் நிலைத்துவிடும். பின்னர்க் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. ஆகவே வெட்டுமுன் காரைச் சமமான தளத்தில் உரிய இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டும். கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் இணைத்து இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முற்றும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். பற்றவைக்கும் முன்பு தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து, கதவை மாட்டித் திறந்து மூடி, இடைவெளி சீராக உள்ளதா எனப் பார்க்கவேண்டும். வாசற்படியின் முனைகள் முன், பின் சக்கரங்களை மூடும் தகடுகளின் உள்ளேயும் செல்வதால், அத்தகடுகளின் அடிப்பகுதியையும் திறந்தாலன்றிப் பணி முழுமை பெறாது. கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் மாற்றுவது, முன்னர்க் கூறிய மறைப்பு வேலையின் மற்றொரு வடிவமேயாகும்.

1980-களில் கம்பி தானாக வந்து உருகும் சிறு மின் பற்றவைப்புக் கருவிகள் பொதுமக்கள் வாங்கும் விலைக்கு வந்தமை இப்பணிக்குப் பேருதவியாயிற்று. அதுவரை எரிவாயுச் சுடரால் பற்றவைத்தபோது மெல்லிய தகடு வெப்பத்தால் நெளிந்துவிடும். புதிய கருவியிலும் சிறுசிறு இடைவெளி விட்டுப் பற்றவைத்து, ஆறவிட்டு, மீண்டும் தொடரவேண்டும். விரைபவருக்குத் தகடு நெளியும். பொறுப்பவருக்கே அது படியும். பெட்ரோல் தொட்டியை முன்னதாகவே கழற்றி அப்புறப்படுத்துதல் இன்றியமையாதது. நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டியே மிகுந்த ஆபத்துடையது. அதனுள் நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

மின்சார அமைப்பிலும் கவனம் வேண்டும். 1967 வரையிலான எம்.ஜி.பி. கார்களில், இன்றைய வழக்கத்திற்கு மாறாக, மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை அறியாது மாற்றி இணைப்பவர் கருவிகளைக் கெடுத்துக்கொள்வர். 1974 வரை இருக்கைகளின் பின்னே இரண்டு ஆறு வோல்ட் மின்கலங்கள் வைக்கப்பட்டன. அவற்றின் அமிலம் பட்ட பெட்டிகளும் துருவிற்கு இரையாயின. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். அதனை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும், மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துச் சீறும் ஒலியை ஒப்பிட்டாலே போதும். இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்கும்போது எஞ்சின் அமைதியுறும். கண், காது, விரல் ஆகிய மூன்றும் சேர்ந்து கற்கும் கல்வி இது.

இவ்வாறு தொடங்கிய எல்லாரும் முடித்தனர் எனக் கூறுவது உண்மையாகாது. ஆர்வத்தோடு கழற்றப்பட்டு, பெட்டிகளில் அடைபட்டு, பல்லாண்டு தூசியடைந்து, கழற்றியவரிடமிருந்து வேறொருவர் கைக்கு மாறிய கார்கள் ஏராளம். பொருட்செலவும் பெரும்பாலும் காரின் விலையை மீறிற்று. ஊதியக் கணக்கில் பார்த்தால் இது நட்டமான தொழிலே. அக்கணக்கை ஒதுக்கிவைத்தவர்களே இப்பணியை முடித்தனர்.

மீண்டுவந்த அச்சுகள்

வீட்டுக் கொட்டகைகளில் நடந்த இம்முயற்சி பெருகியதும், புதுத்தகடுகளுக்கான தேவை வளர்ந்தது. 1975-இல் தொடங்கப்பெற்ற பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் அமைப்பு, பழைய பிரிட்டிஷ் கார்களின் உறுப்புகளை அசல் முறையில் கிடைக்கச் செய்யும் பணியை மேற்கொண்டிருந்தது. எம்.ஜி.பி.யின் தகடுகளை அழுத்திய அசல் அச்சுகள் தேடிச் சேர்க்கப்பட்டன. அவற்றைச் செப்பனிட்டு, 1988-இல் ஆக்ஸ்போர்டுஷயரின் ஃபாரிங்டன் என்னும் ஊரில் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூடு மீண்டும் செய்யப்பட்டது. உற்பத்தி நின்று எட்டாண்டுகள் கழிந்தபின், ஒரு காரின் உடல் அதன் சொந்த அச்சுகளிலிருந்தே மறுபடி பிறந்தமை மோட்டார் வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். துருவால் முற்றிலும் அழிந்த காரின் எஞ்சினையும் சக்கரங்களையும் பிற உறுப்புகளையும் இப்புதுக்கூட்டிற்கு மாற்றி, வீட்டிலேயே முழுக் காரை எழுப்ப வழி பிறந்தது.

இம்மறுபிறப்பு கார் நிறுவனத்தின் கண்ணையும் திறந்தது. எம்.ஜி.பி.யின் அமைப்பை அடியாகக் கொண்டு, வி-8 எஞ்சின் பொருத்திய எம்.ஜி. ஆர்.வி.8 என்னும் கார் 1992-இல் அறிவிக்கப்பட்டு, 1995 வரை செய்யப்பட்டது. ஏறத்தாழ 2,000 கார்களே செய்யப்பட்ட போதிலும், அவற்றில் பெரும்பகுதியை ஜப்பானியர் விரும்பி வாங்கினர். கைவிட்டவர்களே திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும் அளவிற்குக் கொட்டகை மரபு வலிமை பெற்றிருந்தது.

எது பழைய கார்?

இங்கு ஒரு வினா எழுகின்றது. உடற்கூடு புதிது, தகடு புதிது, வண்ணம் புதிது, எஞ்சினின் உள்ளுறுப்புகளும் பெரும்பாலும் புதியவை. அங்ஙனமாயின் அது 1960-களின் காரா, இன்றைய காரா? புதுப்பித்தல் என்பது காத்தலா, போலி செய்தலா?

இவ்வினா 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்கிற்குரியது எம்.ஜி. அன்று, பென்ட்லி. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற, 'ஓல்டு நம்பர் ஒன்' எனும் பெயர்பெற்ற கார் அது. அதனை 1 கோடி பவுன் மதிப்பிற்கு வாங்க ஒப்பியவர்கள், அது உண்மையான பழைய காரன்று எனக் கூறி ஒப்பந்தத்திலிருந்து விலக முயன்றனர். பந்தயங்களுக்காகவும், விபத்தின் பின்னரும் மாற்றிமாற்றி அமைக்கப்பட்டமையால், வென்ற நாளின் உறுப்புகள் அதில் ஏறத்தாழ எஞ்சவில்லை என்பது உண்மையே. ஆயினும், அக்காரின் இடத்தில் வேறொரு கார் எந்நாளும் வைக்கப்படவில்லை. ஒரே காராகவே அது தொடர்ந்து இருந்துவந்தது. எனவே அப்பெயருக்கு அது உரியதே என நீதிபதி தீர்ப்பளித்தார். பொருளின் உண்மை அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. அறுபடாத அதன் தொடர்ச்சியிலும் உள்ளது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எம்.ஜி.பி. உரிமையாளர்களுக்கும் இத்தெளிவு வேண்டியதாயிற்று. ஆபிங்டன் ஆலையின் உற்பத்திப் பதிவேடுகள் அழியாமல் காக்கப்பட்டு, கெய்டன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் உள்ளன. காரின் எண்ணை அனுப்பினால், அது எந்நாளில் செய்யப்பட்டது, எவ்வண்ணத்தில் வெளிவந்தது என்னும் விவரங்கள் சான்றிதழாகக் கிடைக்கும். நேர்மையான புதுப்பிப்பாளர் அச்சான்றுக்கேற்பப் பணிசெய்வார். மாற்றியதை மாற்றினேன் என்று குறித்தும் வைப்பார். சிதைந்த ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், செல்லரித்த இடத்தில் தாம் ஊகித்த சொல்லை ஊகமென்றே குறிப்பது போன்றது இது. குறிக்காமல் நிரப்புபவர் நூலையும் காப்பதில்லை, வாசகரையும் மதிப்பதில்லை.

முடிவுரை

எம்.ஜி.பி. உலகின் மிக விரைவான காரன்று. மிக அரிய காரும் அன்று. ஐந்து லட்சத்திற்கு மேல் செய்யப்பட்ட பொதுமக்கள் கார் அது. அதனாலேயே அதன் வரலாறு சிறப்புடையதாகின்றது. அரிய பொருள்களைச் செல்வர்களும் அருங்காட்சியகங்களும் காப்பர். எளிய பொருளைக் காக்க எளியவர்களே முன்வரவேண்டும். ஆலை, முதலீடு, பயிற்சி எதுவுமின்றி, ஒரு கையேடும் சில கருவிகளும் தளராத பொறுமையும் கொண்டு அவர்கள் இதைச் செய்தனர். ஆபிங்டனில் சிதறிய கைகளின் அறிவு, ஓரளவேனும், ஆயிரக்கணக்கான புதிய கைகளில் குடியேறிற்று.

2018 முதல் பிரிட்டனில், பெருமாற்றம் செய்யப்படாத நாற்பதாண்டு கடந்த கார்களுக்கு எம்.ஓ.டி. தேர்வு கட்டாயமில்லை. ஆபிங்டனில் செய்த எம்.ஜி.பி. கார்கள் அனைத்தும் இன்று நாற்பது ஆண்டைக் கடந்துவிட்டன. அவற்றின் வாசற்படியைத் தட்டிப் பார்க்கும் தேர்வாளர் இனி வாராமல் போகலாம். தகட்டின் உட்புறம் உறுதியானதா, வண்ணத்தால் மறைக்கப்பட்டதா என்பதை அதனைச் செப்பனிட்டவரே அறிவார். ஓட்டிச் செல்பவரின் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் அவர் செய்த வேலையின் நேர்மையையே நம்பியிருக்கின்றன. கண்காணிப்பவர் இல்லாத இடத்திலும் உட்தகட்டைச் செவ்வையாகப் பற்றவைக்கும் மனமே தொழிற்கல்வியின் முடிவான பயன். அதனை எந்த அச்சிலும் வார்த்தெடுக்க இயலாது. ஒவ்வொருவரும் தம் கையாலேயே பயின்று பெறவேண்டும்.